விளக்கு இறக்கும் அத்தியாயம்

அந்தம்மா எழுதினதைவிட அடிச்சது ஜாஸ்தி. பத்து வரி எழுதினால் ஏழு வரியை அடித்துவிடும். மிச்சம் மூணு வரியையும் மறுநாள் காலையில் சந்தேகமாகப் பார்க்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது மொத்தம் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் சுண்ணாம்புக் குழியில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து ஏறி, தோலில் சதை வழிக்கிற ஆளாகி, இருபத்தாறு வயசில் மேஸ்திரியாகி, இன்றைக்கு ஆம்பூரில் இரண்டு தோல்ஷாப்புக்குச் சொந்தக்காரன். ஒருத்தன் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. ஈரத்தோலை மூக்குக்கிட்டே கொண்டுபோனால் போதும், எத்தனை நாள் உப்பில் கிடந்தது, மாடு கிழமா இளசா என்று சொல்லிவிடுவேன். பட்டணத்து வியாபாரிகள் என்னைச் சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். இதை எதுக்குச் சொல்கிறேன் என்றால், நான் பயந்த ஆள் இல்லை. போலீசுக்குப் பயந்ததில்லை. ஊரே பிளேக்குக்குப் பயந்து ஓடினபோதும் நான் குழிக்கரையை விட்டு நகரவில்லை. நான் பயந்தது இந்த ஒரு பொம்பளைக்குத்தான். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசாத பொம்பளை.

நான் அப்போது முதலாளி சாயபுவின் தோல்ஷாப்பில் மேஸ்திரி. அந்தம்மா மூட்டை மேல் அடையாளம் எழுதுகிற வேலைக்கு வந்தது. வேலூரில் மிஷன் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சாயபுவே வேலைக்கு வைத்தார். அந்தம்மா புருஷனுக்கு ஜோலார்பேட்டை ரயில் யார்டில் வேலை. வாரத்துக்கு ஒரு தரம் வருவார். வரும்போது யார்டில் தூக்கிப்போட்ட பழைய சரக்குச் சீட்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவருவார். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில்தான் அந்தம்மா கதை எழுதும்.

முதல் நாளே எனக்கும் அதுக்கும் தகராறு. இரும்பு நிப்பு போட்ட பேனாவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு, தோல் ஊறுகிற பட்டைத்தொட்டிப் பக்கம் வந்துவிட்டது. ஈரத்தோலில் இரும்பு பட்டால் கறுப்பு விழும். ஒரு பொட்டு விழுந்தாலும் அந்தத் தோல் கழிவுதான்.

"இன்னாம்மா, தோல்ஷாப்புக்கு வந்தியா, தாலுக்கா ஆபீசுக்கு வந்தியா? எடுத்துட்டு வெளிய போ அத்த."

அந்தம்மா கோபப்படவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலையில் நான் வருகிறதுக்கு முன்னாடியே வாசல் கேட் பக்கம் நின்றது.

"மேஸ்திரி, நேத்து நான் 'சரி'ன்னு சொன்னேன். அது சரியில்ல. 'தெரியாம செஞ்சிட்டேன்'னு சொல்லியிருக்கணும். இப்ப சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். திரும்பி வேலைக்குப் போய்விட்டது. நேற்றுச் சொன்னதை நேற்றோடு விட்டுவிடுகிற ஆள் நான். அந்தம்மாவால் எதையும் அப்படி விட முடியாது. ஒருத்தரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, பத்தடி போய், குரல் சரியில்லை என்று திரும்பி வந்து இன்னொரு வணக்கம் சொல்லும். சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணும்போதுகூட நடுவில் நிறுத்தி, "கர்த்தரே, மொதல்ல சொன்னதை விட்டுடுங்க, இப்படி வெச்சுக்குங்க" என்று மாற்றிச் சொல்லும். சுண்ணாம்புக்குழி பாஷா அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தான். "மேஸ்திரி, அந்தம்மா ஆண்டவனையே ரெண்டாந்தரம் எழுதுது!"

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பட்டைக் கொட்டகையில் கதை நடக்கும். ஆவாரம்பட்டை இடிக்கிற பொம்பளைகள் உலக்கையைச் சாத்திவிட்டு மூட்டை மேல் சாய்ந்துகொள்வார்கள். அந்தம்மா சீட்டுக்கட்டைப் பிரித்துப் படிக்கும்.

கதை என்ன என்றால், பாலாத்து மணலுக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம். மேலே ஆறு வறண்டு கிடக்கும், கீழே இன்னொரு ஆறு தலைகீழாக ஓடும். மேலே தோல் உரித்த மாடெல்லாம் அங்கேதான் போய் நிற்கும். தோல் இல்லாமல், சிவப்பாக, சத்தம் போடாமல், வரிசையாக. தன் தோல் எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கும். அந்த ஊருக்கு ஒரே வாசல், மணலில் ஒரு குழி. குழிமேல் ஒரு காவல்காரன். மேலே இருந்து ஒரு தோல்ஷாப்பு ஆள் ஒரு காளையின் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்க இறங்குகிறான்.

இதை எங்கே படிக்கிறது? தோல்ஷாப்புக்குள்! சுற்றிலும் தோல் தொங்குகிற இடத்தில்! கேட்ட நாளிலிருந்து பொம்பளைகள் உப்புக் கிடங்குக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றார்கள். ஒரு நாள் காற்றில் ஒரு தோல் ஆடினதுக்கு மூன்று பேர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் கத்தினேன், திட்டினேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், நானும் அந்தக் கிடங்கில் சுவரோரமாகத்தான் நடந்தேன்.

பாஷாவுக்கு மட்டும் பயமே கிடையாது. "ஏம்மா, எல்லா மாட்டுக்கும் தோலைத் திருப்பிக் குடுத்துட்டா எங்க பொழப்பு இன்னா ஆவறது? கடைசியில நம்ம சாயபு தோலத்தான் பதப்படுத்தணும்."

எல்லாரும் சிரிப்பார்கள். அந்தம்மா சிரிக்காது. பென்சிலை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொள்ளும். மறுநாள் கதையில் அந்த ராஜ்ஜியத்தின் ராஜா தன் தோலுக்குப் பயந்து ஏழு சட்டை போட்டிருப்பான். யார் என்ன சொன்னாலும் எடுத்துக்கொள்ளும். கன்னியம்மா, "காளை வெள்ளையா இருந்தா நல்லா இருக்காது, செவலையா இருக்கட்டும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக முதல் அத்தியாயத்திலிருந்து காளையைச் செவலையாக்கிக்கொண்டு வந்தது. பதினோரு நாள் ஆனது அதுக்கு.

இந்தக் கன்னியம்மா ஏழுமலையின் பெண்சாதி. ஏழுமலை யார் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதுக்கு மேல் தள்ளிப்போட முடியாது.

ஜெர்மன்காரன் சண்டை நடந்த காலம். பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும் என்று தோல் தோல் என்று பறந்தார்கள். பழைய பட்டைத்தண்ணியை விடுகிற ஆழக்குழி ஒன்று பின்பக்கம் இருந்தது. பலகை போட்டு மாசக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதன் வாய்க்கால் அடைத்துக்கொண்டு தண்ணி தொட்டிப்பக்கம் திரும்பிவிட்டது. யாராவது இறங்கிச் சேற்றை அள்ளவேண்டும். எங்கள் பக்கத்தில் பாழுங்கிணறு, மூடின குழி எதில் இறங்கினாலும் முதலில் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி இறக்குவோம். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, ஆள் இறங்கக் கூடாது. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் ஏழுமலையும்தான் குழிக்கரையில். பலகையை நகர்த்தி, காடா விளக்கை ஏற்றி, நான்தான் இறக்கினேன். பாதி போனதும் அணைந்தது.

"மேஸ்திரி, வெளக்கு அணைஞ்சிட்டாப்ல இருக்கே?" என்றான் ஏழுமலை.

"காத்துல அணைஞ்சிச்சிடா. எறங்கு. சாயபு வர்றதுக்குள்ள முடிக்கணும்."

அவன் இன்னொரு தரம் குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இறங்கினான். பாதி ஏணியில் கை விட்டுப்போய் விழுந்தான். ஒரு சத்தமும் இல்லை. பாஷாவும் இன்னும் நாலு பேரும் ஓடிவந்து கொக்கி போட்டு இழுத்தபோது உயிர் இல்லை.

போலீஸ்காரர் வந்தார். சாயபு வந்தார். "விளக்கு எறக்கிப் பார்த்தேனுங்க. நல்லா எரிஞ்சிது. சேத்துல கால் வழுக்கி விழுந்துட்டான்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். என் பேச்சுக்கு அப்போதே அவ்வளவு மதிப்பு.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மூட்டைக் கொட்டகை வாசலில் அந்தம்மா நின்றது. கையில் சாயத்தூரிகை. குழி நேராகத் தெரிகிற வாசல் அது.

அதை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எனக்கு இந்தப் பயம்.

ஒரு மாசம் கழித்து அந்தம்மா மறுபடி கதை படிக்க ஆரம்பித்தது. கன்னியம்மா வெறும் கழுத்தோடு கொட்டகைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். நான் பட்டை மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஏதோ எண்ணுகிற மாதிரி நின்றேன். பதினேழாம் அத்தியாயம். தோலோடு வந்த ஆள் மணல் குழிக்கு வருகிறான். காவல்காரன் கயிற்றில் ஒரு விளக்கை இறக்குகிறான். விளக்கு எரிகிறது. ஆள் இறங்குகிறான். பாதியில் செத்து விழுகிறான்.

நான் எண்ணுகிறதை விட்டுவிட்டேன்.

"அதெப்படி?" என்றாள் கன்னியம்மா. கதையைக் கேட்கிற குரல்தான், வேறொன்றும் இல்லை. "வெளக்கு எரிஞ்சிதுன்னா காத்து நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அப்பறம் ஏன் சாவறான்?"

"கால் வழுக்கியிருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

"வழுக்கினா கத்துவான் இல்ல? இந்த ஆளு கத்தவே இல்லயே."

அந்தம்மா பென்சிலால் ஒரு கோடு போட்டது. "ஆமா கன்னியம்மா. அந்த இடம் சரியா வரல."

அன்றைக்குச் சாயங்காலமே கூப்பிட்டேன். மேஸ்திரி நான், ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும். அந்தக் கெத்தோடுதான் ஆரம்பித்தேன்.

"இன்னாம்மா கதை இது? செத்தவன் பொண்டாட்டிய எதிர்ல வெச்சிக்கிட்டு? உனக்கு நெஞ்சு இருக்குதா?"

"இந்த அத்தியாயம் அவர் சாவறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எழுதினது மேஸ்திரி. அப்பவே விளக்கு இருந்தது. இப்பத்தான் தப்பாப் போச்சு."

"அப்ப அடிச்சிடு. அடிக்கறதுதான் உனக்குக் கை வந்த கலையாச்சே."

"அடிச்சிட்டு இன்னா எழுதறது?" என்னை நேராகப் பார்த்தது. "நான் தூரத்துல நின்னேன். வெளிச்சம் கம்மியாச்சு. அது விளக்கு அணைஞ்சதா, பலகையோட நிழல் விழுந்ததான்னு எனக்கு நிச்சயம் இல்ல. நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போலீஸ்காரர்கிட்ட சொல்லியிருப்பேன். உங்களுக்குத்தான் தெரியும். எரிஞ்சுதா, அணைஞ்சுதா?"

"காத்துல கொஞ்சம் ஆடிச்சி" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"குழிக்குள்ள காத்து எங்கேருந்து வரும் மேஸ்திரி?"

அந்தம்மா என்னமோ தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னது: "மாடு பேசறதை எழுதிட்டேன். மணலுக்கு அடியில ஊரை எழுதிட்டேன். எல்லாம் இட்டுக்கட்டினது. இந்த ஒரு விளக்கை மட்டும் இட்டுக்கட்ட வரமாட்டேங்குது."

அதோடு கதை நின்றது. பதினேழைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டது. பொம்பளைகள் கெஞ்சினார்கள், கேலி பண்ணினார்கள். கடைசியில் என்னிடமே வந்தார்கள்.

"மேஸ்திரி, நீங்களாச்சும் சொல்லுங்க. கத பாதியில நின்னு மூணு மாசமாச்சி. கேட்டா, 'ஒருத்தர் சொல்லணும், சொன்னா எழுதறேன்'னுது."

"யார் சொல்லணுமாம்?" என்றேன்.

"அதச் சொல்ல மாட்டேங்குது."

அந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினால் போகிற இடத்தில் வாயைத் திறந்தால்? கண் எதிரில் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். கண் எதிரில் இருக்க இருக்க, மத்தியானம் உலக்கைச் சத்தம் நிற்கும்போதெல்லாம், கதை திரும்ப ஆரம்பிக்குமோ என்று காதைத் தீட்டுவேன்.

ஒரு நாள் அந்தம்மா சாயபுவின் ஆபீசுக்கு அடையாளப் பட்டியல் கொண்டுபோயிருந்தது. கதைக்கட்டு கொட்டகையில் அலமாரித் தட்டில் கிடந்தது. எடுத்துவிட்டேன். அந்தப் பதினேழை மட்டும் உருவிச் சுண்ணாம்புக் குழியில் போட்டுவிடலாம் என்று நினைப்பு. சுண்ணாம்பில் போட்டால் முடியே இருக்காது, தாள் எந்த மூலைக்கு? பிரித்தேன். தாள் தாளாகப் புரட்டினேன். எல்லாத் தாளும் ஒரே மாதிரி. எறும்பு ஊருகிற மாதிரி எழுத்து, அது மேலே கோடு, கோட்டுக்கு மேலே மறுபடி எழுத்து. எது பதினேழு? எது காளை, எது விளக்கு? தோலை முகர்ந்து மாட்டு வயசு சொல்கிற எனக்கு, என்னைத் தூக்கில் போடுகிற தாள் எது என்று தெரியவில்லை. முழுக்கட்டையும் எடுத்துப் போட்டுவிடலாம்தான். இரண்டு வருஷ உழைப்பு அது. கட்டோடு அங்கேயே நின்றேன்.

"பதினேழா தேடறீங்க?"

பின்னால் நிற்கிறது. கதைக்கட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, நடுவில் ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டியது.

"இதான். எடுத்துக்குங்க. எனக்கு மனப்பாடம்."

நான் வாங்கவில்லை. அது தாளை அதன் இடத்திலேயே திருப்பிச் சொருகியது.

அதுக்கப்புறம் அந்தம்மா அடுத்த கதைக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தது. "இதுல மாயம் கெடையாது மேஸ்திரி. ஒரு தோல்ஷாப்பு. ஒரு மேஸ்திரி. எப்படி ஏறி வந்தார்னு" என்றது. அதைக் கேட்டு நான் நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கத்தான் செய்தேன். ஆனால் என் வாய் இருக்கிறதே, அது வேறே ஜாதி. நான் எப்படி ஒற்றை ஆளாக ஒரு நாளைக்கு அறுபது தோல் வழித்தேன், சாயபு எப்படித் தோளில் கை போட்டார், பட்டணத்துக்காரன் எப்படி வாயடைத்தான் எல்லாவற்றையும் நானே சொன்னேன். நாள் கணக்கில் சொன்னேன். அது ஒவ்வொன்றையும் எழுதும், "அப்பறம்?" என்னும். நான் சொல்லிக்கொண்டே வந்து, எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தக் குழிக்கரைக்கு வந்து நிற்பேன். வாய் மூடிக்கொள்ளும். அந்தம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடும். ஒரு நாளாவது வற்புறுத்திக் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

ஜெர்மன் சண்டை முடிகிற சமயத்தில் அதன் புருஷனுக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் வந்தது. குடும்பமே கிளம்பியது. அன்றைக்கு ஸ்டேஷன் பக்கம் நானும் போனேன். வண்டி போகிறவரைக்கும் நின்றேன். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் ஆயுசிலே முதல் தரம் காற்று உள்ளே போன மாதிரி இருந்தது. வழியில் பாஷாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "இன்னா மேஸ்திரி, கல்யாணமா?" என்றான்.

இரண்டு மாசம்தான். ஒரு நாள் வேலை நடுவில் தபால்காரர் உள்ளே வந்தார். எங்கள் ஷாப்பில் படிக்கத் தெரிந்தவர்கள் கம்மி. யாருக்குத் தபால் வந்தாலும் அவரே நடு முற்றத்தில் நின்று உரக்கப் படித்துவிட்டுப் போவார். கார்டு என்றால் எல்லாருக்கும் பொதுச்சொத்து.

"மேஸ்திரிக்கு அரக்கோணத்துலேர்ந்து கார்டு!" படித்தார். "'மேஸ்திரிக்கு நமஸ்காரம். இங்கே சுகம். மற்றதெல்லாம் மூன்றாம் தரம் திருத்திவிட்டேன். பதினேழு அப்படியே நிற்கிறது. விளக்கு என்ன ஆனது என்று எழுதவும்.'" தலையைத் தூக்கினார். "இன்னா மேஸ்திரி, வெளக்கு இன்னா ஆச்சு?"

முற்றத்தில் இருபது பேர். கன்னியம்மா பட்டைக்கூடையோடு நிற்கிறாள்.

"கதை சமாச்சாரம்" என்றேன்.

"அந்தக் கதையா!" கன்னியம்மா முகத்தில் ஒரு சந்தோஷம். "எரிஞ்சுதுன்னு எழுதச் சொல்லுங்க மேஸ்திரி. அந்தாளு சாவாம எறங்கிப் போவட்டும். பாவம், தோலத் திருப்பிக் குடுக்கப் போறவன்."

கார்டை இடுப்பில் சொருகிக்கொண்டு தொட்டிப்பக்கம் போய்விட்டேன்.

வருஷத்துக்கு ஒரு கார்டு, இரண்டு கார்டு வரும். ஒவ்வொரு தரமும் தபால்காரர் வாயிலிருந்து, முற்றத்தில், எல்லார் எதிரிலும். கவரில் எழுதாமல் கார்டில் எழுதுகிறதே என்று பல்லைக் கடிப்பேன். என்றைக்கு, எந்தக் கார்டில், எந்த வார்த்தை கூடுதலாக வந்து விழுமோ என்று தபால்காரரின் மணிச்சத்தம் கேட்டாலே உடம்பு வேர்க்கும். அதனால்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஊரில் பெருமையாகச் சொல்லுவேன், நாற்பது வயசில் அரிச்சுவடி வாங்கி, வாத்தியார் இல்லாமல், உப்புக் கிடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு தானாகப் படித்தவன் என்று. நிஜம்தான். பயந்து படித்தேன் என்பதை மட்டும் சொன்னதில்லை. அதுக்கப்புறம் தபால்காரரை வாசலிலேயே மடக்கி, கார்டைப் பிடுங்கி நானே படிப்பேன். பதில் போட்டதில்லை. ஒரு தரமும் போட்டதில்லை.

சொந்த ஷாப் வைத்தேன், இரண்டாவதும் வைத்தேன். பாஷாவும் கன்னியம்மாவும் என் ஷாப்புக்கே வேலைக்கு வந்துவிட்டார்கள். கன்னியம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. கார்டு மட்டும் நிற்கவில்லை. 'அடுத்த கதைக்கு எல்லாக் குறிப்பும் தயார். முதல் கதை முடியாமல் அதைத் தொடமாட்டேன்.' 'கண் கொஞ்சம் மங்குகிறது. பதினேழு நிற்கிறது.' இப்படி.

போன மாசம் வந்த கார்டில் கையெழுத்து வேறே. அந்தம்மாவின் மகள் எழுதியிருந்தாள்.

'அம்மா காலமாகிவிட்டார்கள். கதையை அச்சுக்குக் கொடுக்கப் போகிறோம். பதினேழாம் அத்தியாயத்தில் ஓரமாக, மேஸ்திரியைக் கேட்கவும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. விளக்கைப் பற்றி என்று நினைக்கிறோம். இத்துடன் பதில் கார்டும் இருக்கிறது. இந்த மாசத்துக்குள் பதில் வராவிட்டால், முதலில் எழுதியபடி விளக்கு எரிந்தது என்றே அச்சில் போய்விடும்.'

வாசலில் நின்றே படித்தேன். மூணு தரம் படித்தேன். அந்தம்மா இல்லை. பார்த்த கண் இல்லை. நான் ஒன்றும் செய்யவேண்டாம். சும்மா இருந்தால் போதும். விளக்கு எரிந்தது என்று புஸ்தகத்திலேயே வந்துவிடும். கன்னியம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். அவளும் சந்தோஷப்படுவாள். இத்தனை வருஷத்து நடுக்கம் ஒரேயடியாய் முடிந்துவிடும். அந்தம்மா செத்ததுக்கு வருத்தப்படக்கூட எனக்கு நேரம் இல்லை, முதலில் வந்தது அந்த நிம்மதிதான்.

அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் நிஜமாகப் பயந்தேன். அதுவரைக்கும் வெளியே யாரோ என்னைத் துரத்துகிறார்கள் என்று இருந்தேன். இப்போது துரத்துகிறவர் யாரும் இல்லை, ஆனால் வேர்வை நிற்கவில்லை. இருபது நாள் அப்படியே ஓடியது. குழியில் இறங்குகிறதுக்கு முன்னாடி ஏழுமலை இரண்டாம் தரம் என் முகத்தைப் பார்த்தானே, அது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

இருபத்தோராம் நாள் அந்தப் பதில் கார்டை எடுத்தேன். உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக எழுதினேன். 'விளக்கு அணைந்தது. ஏழுமலை கேட்டான். காற்றில் அணைந்தது என்று சொல்லி அவனை நான் இறக்கினேன். குழிக்குள் காற்று கிடையாது. அப்படியே போடவும்.' கீழே என் பேரையும் போட்டேன்.

ஒரு கவர் வாங்கி உள்ளே போட்டு ஒட்டியிருக்கலாம். தெரியாதவன் இல்லை நான். தபாலாபீசுக்கு நானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டிருக்கலாம். போடவில்லை. மறுநாள் காலையில் தபால்காரர் வந்தபோது, முற்றத்தில் எல்லார் எதிரிலும் அவர் கையில் கொடுத்தேன். படிப்பார் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

"அட, மேஸ்திரி பதில் எழுதிட்டாரு!" என்று சிரித்துக்கொண்டே உரக்க ஆரம்பித்தார். முதல் வரியில் குரல் இருந்தது. இரண்டாவது வரியில் குறைந்தது. மூணாவதை வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது. பாஷா சுண்ணாம்புக் கழியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கன்னியம்மா பட்டைக்கூடையைத் தலையில் வைத்தபடி முற்றத்தின் நடுவில் நின்றாள்.

"அவன் கேட்டானா?" என்றாள். கத்தவில்லை. "எங்க ஊட்டுக்காரன் எதையும் ரெண்டு தரம் கேப்பான். பயந்தவன். ரெண்டாந்தரமும் கேட்டானா மேஸ்திரி?"

"கேக்கல. ரெண்டாந்தரம் என்னை ஒரு பார்வை பாத்தான். அவ்ளோதான்."

நான் எதற்கும் தயாராகத்தான் நின்றேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், போலீசுக்குப் போவாள், எதுவானாலும் வரட்டும் என்று. அவள் ஒன்றும் செய்யவில்லை. கூடையை இறக்கி வைக்கவும் இல்லை.